அரைப்பேருக்கு அரை டொக்டரா?



உங்கள் தோட்டத்து மருந்தகத்தில் உங்களுக்கு மருந்து எழுதுகிறவர் யார்? அவர் எங்கே, எத்தனை வருடம் படித்தார்? இலங்கை மருத்துவச் சபையில் அவருக்குப் பதிவு உண்டா? அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது யார்? சென்ற மாதம் ஒரு கிளைக் கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு, பதில் தெரிந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னோம். முதல் மூன்று கேள்விக்கும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது கேள்விக்கு அத்தனை கைகளும் மேலே போயின. "தோட்டந்தாங்க குடுக்குது!"

அந்த நான்காவது பதிலை நாம் லேசாக விட்டுவிடக் கூடாது.

முதலில் சீமைச் செய்தி ஒன்று. நம் கொழுந்தைத் தேநீராகக் குடிக்கும் பிரித்தானியாவில், டொக்டர் மட்டுமே மருந்து எழுதலாம் என்ற பழைய வழக்கத்தை விட்டுப் பல வருடமாகிறது. 2003 இல் மருந்தாளர்களுக்கு, டொக்டர் வகுத்துக் கொடுத்த திட்டத்துக்குள் நின்று மருந்து எழுத இடம் கொடுத்தார்கள். 2006 இல் தாமே நோயாளியைப் பார்த்து, தாமே தீர்மானித்து, தாமே கையெழுத்திடும் உரிமையைக் கொடுத்தார்கள். அதைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. நான்கு வருடப் பட்டம், ஒரு வருடப் பயிற்சி, அதற்கு மேல் மருந்து எழுதுவதற்கென்றே ஒரு தனிப் படிப்பு. அந்தப் படிப்பில் குறைந்தது 26 நாள் பாடம், அனுபவமுள்ள ஒருவரின் கண்ணுக்கு முன்னால் 90 மணித்தியால வேலை. தனக்குத் தெரிந்த நோய்க்கு மட்டுமே எழுதலாம், தெரியாததை டொக்டரிடம் அனுப்ப வேண்டும், பிழை விட்டால் பதிவு போகும். 2026 முதல் அங்கே புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளர்கள் இந்த உரிமையோடேயே வெளியே வரும்படி பாடத்திட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் இது 2007 இல் வந்தது, நியூசிலாந்தில் 2013 இல்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் தோட்டங்களில் டொக்டர் அல்லாதவர் மருந்து எழுதுவது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கம். வெள்ளைக்காரன் தன் ஊரில் 2006 இல் செய்ததை நம் லயத்தில் தாத்தா காலத்திலேயே செய்துவிட்டான். படிப்பை மட்டும் கொண்டுவரவில்லை.

கோப்பிக் காலத்தில் துரையின் பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருந்தது. காய்ச்சல் என்று போனால் துரையே அளந்து ஊற்றுவார். பிறகு 1872 இலும் 1912 இலும் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் வந்தன. நம் மேல் பாசம் பொங்கி யாரும் அவற்றை எழுதவில்லை. தென்னிந்தியாவிலிருந்து செலவழித்து இறக்கிய ஆள் செத்துப்போனால் தோட்டத்துக்கு நட்டம். 1916 இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் றொக்கபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழுவை ஒழிக்க வந்தபோதுகூட, வைத்தியத்துக்குப் போகும் நாள் வேலைநாளில் குறைகிறதே என்றுதான் தோட்டத்தரப்பு முணுமுணுத்தது. மருந்தைக் கொடுக்க டிஸ்பென்சர் என்றும் அப்போதிக்கரி என்றும் ஆட்களை வைத்தார்கள். நம் ஆட்கள் அவர்களை மருந்துக்காரர் என்றார்கள், டொக்டரையா என்றார்கள். இன்று கம்பனிக் கடிதத்தில் அவருக்குத் தோட்ட வைத்திய உதவியாளர் என்று பெயர். பெயர்தான் நீண்டிருக்கிறது.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது. 1990களில் சுகாதார அமைச்சு தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. சில ஏற்கப்பட்டன. மிச்சம் இன்றுவரை தோட்டத்தின் கையில்தான் கிடக்கின்றன. சில தோட்டங்களில் ஆஸ்பத்திரி என்ற பலகை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கட்டிலில் கொழுந்துச் சாக்கு இருக்கிறது.

குளவியை எடுத்துக்கொள்வோம். மலையில் குளவி கலைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம், விழுவோம், படங்கால் தலையை மூடுவோம். கொட்டு வாங்கியவர்களில் சிலருக்கு வீக்கத்தோடு போய்விடும். சிலருக்குப் பத்து நிமிடத்தில் நாக்கு தடிக்கும், மூச்சு அடைக்கும், கண் இருளும். அந்த நிலைக்கு உலகம் முழுவதும் முதல் மருந்து ஒன்றுதான்: தொடைச் சதையில் போடும் அட்ரினலின் ஊசி. விலை அதிகமில்லாத மருந்து. ஆனால் நிமிடக் கணக்கில் போட வேண்டும். லொறி பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போடும் ஊசி சிலருக்குப் பிந்திப்போகும். எத்தனை தோட்டத்தில் எத்தனை பேரை இப்படிப் பறிகொடுத்தோம்!

இங்கேதான் கேள்வி கூர்மையாகிறது. தோட்ட மருந்தகத்தில் இருப்பவருக்கு அந்த ஊசியைப் போடத் தெரியுமா? எவ்வளவு போடுவது, எப்போது இரண்டாவது போடுவது என்று யாராவது படிப்பித்தார்களா? போடச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கிறதா? இல்லையென்றால் அவர் பயந்து என்ன செய்வார்? எதற்கும் கொடுக்கிற ஒரு மாத்திரையைக் கொடுத்து, "கீழ கொண்டு போங்க" என்பார். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பிழைத்தால் துரைக்கு நல்ல பெயர், செத்தால் மருந்துக்காரர் தலையில் பழி.

இனி சம்பளக் கேள்விக்கு வருவோம். பிரித்தானியாவில் அந்த உரிமைக்குச் சுயாதீனமாக மருந்து எழுதுதல் என்று பெயர். அங்கே அதன் அர்த்தம், டொக்டரின் கையெழுத்துக்குக் காத்திராமல் எழுதுவது. நம் மலையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் உண்டு. நம் மருந்துக்காரர் யாரிடமிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும்? டொக்டரிடமிருந்தா? டொக்டரை அவர் கண்டே மாதமாகிறது. அவர் சுயாதீனமாக இருக்க வேண்டியது துரையிடமிருந்து.

நம் தோட்டங்களில் மருந்துத் துண்டும் லீவுத் துண்டும் ஒரே கையால் எழுதப்படுகின்றன. காலையில் காய்ச்சலோடு மருந்தகத்துக்குப் போன பெண்ணுக்கு இன்று வேலைக்குப் போக முடியாது என்று எழுதுவதா, மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்குப் போ என்று சொல்வதா என்று முடிவெடுக்கும் அதே மனிதர், மாலையில் இன்று எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்று ஒபிசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இலகு வேலை வேண்டும் என்று எழுதினால் முகம் சுளிக்கும் அதே நிர்வாகம்தான் அவருக்குச் சம்பளமும் வீடும் கொடுக்கிறது. கொழுந்து குவியும் மாதத்தில் அவர் பேனா எந்தப் பக்கம் சாயும்? அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். தங்கமான மனிதரையும் இப்படி ஒரு தராசில் நிறுத்துவது அநியாயம்.

இந்தக் கட்டுரையைப் பள்ளி விடுமுறையில் கிளிவெட்டியிலிருந்து எழுதுகிறோம். மலையகப் பத்திரிகையில் கிளிவெட்டிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மூதூர்ப் பக்கத்தில், அல்லைக் குளத்து நீர் பாயும் வயலூர் இது. நம் பள்ளியில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்த ஆசிரியர் ஒருவரின் ஊர். அவர் வீட்டுக்கு வந்த இடத்தில், 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டுக் கிழக்குக்கு வந்துவிட்ட பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். இப்போது பேரப்பிள்ளைகள் வயலில் நிற்கிறார்கள், அவர் திண்ணையில் இருக்கிறார். ஆனால் பேச்சில் பிரட்டும் பீலிக்கரையும் இன்னும் போகவில்லை. நாம் யூனியன்காரர் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் மருந்துக்காரர் தோட்டத்து ஆள்தானா?" என்பது.

ஆமாம் என்றோம். பெரியவர் சிரித்தார்.

"அங்க மருந்துக்காரர் நம்ம மொகத்த பாக்க முன்ன தொர மொகத்த பாப்பாரு தம்பி. இங்க ஏ.எம்.ஓ. ஐயா எங்க மொகத்த மட்டுந்தான் பாத்தாரு."

ஏ.எம்.ஓ. என்று அவர் சொன்னது உதவி வைத்திய அதிகாரியை. மலையகத்து இளைய தலைமுறைக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பழக்கமில்லை, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். இவர்கள் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்ல. அப்போதிக்கரிமாரின் வழியில் வந்தவர்கள். ஆனால் அரசு தெரிவு செய்து, அரசு பயிற்றுவித்து, மருத்துவச் சபையில் பதிந்து, அரசு சம்பளத்தில் வைத்திருந்த ஆட்கள். பின்னாளில் பதிவு செய்யப்பட்ட வைத்திய அதிகாரி என்ற நிலைக்கும் உயர்ந்தார்கள். யுத்தம் நடந்த வருடங்களில் டொக்டர்மார் வர மறுத்த, வர முடியாத வடக்குக் கிழக்குச் சிற்றூர்களில் பல மருந்தகங்களைத் தாங்கி நின்றவர்கள் இவர்கள்தான். 2006 இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் வருடக்கணக்காகக் கிளிவெட்டி முகாமில் கிடந்தார்கள். டொக்டர் இல்லாத இடத்தில் யார் மருந்து எழுதுவது என்பது இந்த ஊருக்குப் புத்தகக் கேள்வி அல்ல.

பெரியவர் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். தோட்டத்திலும் டொக்டர் இல்லை, இங்கும் டொக்டர் இல்லை. இரண்டு இடத்திலும் மருந்து எழுதியவர் டொக்டர் அல்லாத ஒருவர். ஒருவரை நாற்பத்தைந்து வருடம் கழித்தும் கைகூப்பி நினைக்கிறார், மற்றவரை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பட்டத்தின் நீளத்தால் வந்த வித்தியாசமா இது? படிப்பு, பதிவு, சம்பளம் கொடுக்கும் கை ஆகிய மூன்றாலும் வந்த வித்தியாசம்.

அந்த ஏ.எம்.ஓ. பயிற்சியையும் 1990களில் நிறுத்திவிட்டார்கள். கடைசித் தொகுதியில் படித்தவர்களுக்கும் பென்சன் வயது வந்துவிட்டது. இனி நாடு முழுவதும் டொக்டர்தான் என்றார்கள். நல்ல பேச்சு. 2022 நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மார் நூற்றுக்கணக்கில் விமானம் ஏறியதை நாடே பார்த்தது. எஞ்சியவர்களில் எத்தனை பேர் பத்தாம் நம்பர் மலைக்கு ஏறி வரப்போகிறார்கள்?

டொக்டர்மாரின் சங்கத்தார் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். மருந்தாளர் மருந்து எழுதினால் நோயாளிக்கு ஆபத்து என்பார்கள். அவர்களும் தொழிற்சங்கம், நாமும் தொழிற்சங்கம், ஆகவே மரியாதையோடு பதில் சொல்கிறோம். ஆபத்து என்பது உண்மைதான். மருந்து ஆபத்தான பொருள். ஆனால் ஆபத்தை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? கண்டியில் இருக்கும் டொக்டரோடு ஒப்பிட்டால் பயிற்சி பெற்ற மருந்தாளர் குறைவுதான். நமக்கு இன்று கிடைப்பதோடு ஒப்பிட்டால்? இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் டொக்டர்மார் போகாத காட்டுக் கிராமங்களுக்காக 2001 இல் மூன்று வருட மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். டொக்டர்மார் எதிர்த்தார்கள், சில வருடத்தில் படிப்பு மூடப்பட்டது. ஆனால் அதற்குள் படித்து வெளியேறியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலைக்குப் போனார்கள். 2010 இல் அவர்களை ஆராய்ந்து பார்த்தபோது, வழக்கமான நோய்களைப் பார்ப்பதில் எம்.பி.பி.எஸ். டொக்டர்மாருக்கு அவர்கள் இளைத்தவர்கள் அல்ல என்று தெரிந்தது. அதே ஆய்வில் மருந்தாளர்களும் இருந்தார்கள்: டொக்டர் இல்லாத நிலையங்களில் மருந்து எழுத விடப்பட்டவர்கள், அதற்கென்று பயிற்சி பெறாதவர்கள். அவர்கள்தான் பின்தங்கினார்கள். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பயிற்சி இல்லாமல் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும், பயிற்சியோடு கொடுத்தால் என்ன ஆகும், இரண்டும் அந்த ஒரே ஆய்வில் இருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு நம் ஆட்களிடமிருந்தே வருகிறது. அதுதான் நமக்கு வலிக்கிறது. நாம் இந்த யோசனையைச் சொன்னபோது ஒரு தலைவி எழுந்து கேட்டார்: "நமக்குக் கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு. இப்ப அரைப்பேருக்கு அரை டொக்டரா? டவுன்காரனுக்கு முழு டொக்டர், நமக்கு மட்டும் ஏன் அரை?"

கைதட்டல் பலமாக விழுந்தது. விழ வேண்டிய கைதட்டல்தான். லயம், தண்ணீர், பள்ளிக்கூடம், பாதை என்று எல்லாவற்றிலும் நமக்கு அரைதான் அளந்தார்கள். மருந்திலும் அரை என்றால் கோபம் வராதா? ஆனால் அம்மா, சீமையில் வசதியானவர்களுக்கும் மருந்தாளர்தான் இன்று மருந்து எழுதுகிறார். அவரை அங்கே யாரும் அரை டொக்டர் என்பதில்லை. அவர் முழு மருந்தாளர். அரை என்பது இன்று நம் மருந்தகத்தில் இருப்பது. நாம் கேட்பது அதை முழுதாக்க. டொக்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாவட்டத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் இருக்க வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது மேலே வர வேண்டும், தொலைபேசியில் எட்ட வேண்டும். அந்த டொக்டர் இல்லாத மற்ற ஆறு நாளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அந்த ஆறு நாளில் நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பார்க்கிறவர்கள் நாங்கள். காலையில் வகுப்புக்கு வரும் பிள்ளை புத்தகப் பைக்குள்ளிருந்து ஒரு கடதாசி உறையை எடுக்கும். "டீச்சர், அப்பாயிக்கு இத எப்புடி குடுக்கிறதுன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க." உறையில் பி.டி. என்றோ ரி.டி.எஸ். என்றோ கிறுக்கியிருக்கும். பி.டி. என்றால் இரண்டு வேளை, ரி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. மற்றதெல்லாம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கணக்குப் பாடத்துக்கு முன்னால் இப்படி மூன்று நான்கு உறைகளை வாசித்து, தமிழில் எழுதி அனுப்பாத ஆசிரியர் நம் பக்கத்தில் குறைவு. வாசித்துச் சொல்லலாம். ஆனால் அந்த அப்பாயிக்கு ஏற்கெனவே பிரஷர் மாத்திரை இருக்கிறது, முதுகு நோவுக்கு வேறொருவர் கொடுத்த மாத்திரையும் இருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று பிள்ளை கேட்டால் கணித ஆசிரியர் என்ன சொல்வார்? நோவு மாத்திரைகளில் டைக்ளோபெனக் போன்றவை பிரஷரை ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைத் தெரிந்து, இரண்டு உறையையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஒன்றை நிறுத்தி வேறொன்று எழுத வேண்டியவர் மருந்தாளர். அவர் படிப்பே அதுதான். டொக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயமும் அதுதான்.

சீனியும் பிரஷரும் இன்று லயத்துக்கு லயம் இருக்கின்றன. மாதாமாதம் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். விடிய முன் புறப்பட்டு, வரிசையில் நின்று, அதே மாத்திரையை அதே அளவில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மத்தியானம் கடந்துவிடும். ஒரு நாள் பேர் போய்விட்டது. 2024 இல் வர்த்தமானியில் வந்த கணக்குப்படி அப்போது அது 1350 ரூபாவாக இருந்தது, அதோடு பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் காசு. அதனால்தான் நம் பெண்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு மாதத்துக்கு ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டியவர்கள் சிலரைப் பாரிசவாதத்தோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். பயிற்சி பெற்ற மருந்தாளர் ஒருவர் தோட்டத்து மருந்தகத்திலேயே பிரஷர் அளந்து, சீனி பார்த்து, டொக்டர் தொடங்கிய மருந்தைத் தொடர்ந்து எழுதவும், அளவைக் கூட்டிக் குறைக்கவும், சரியில்லை என்றால் கீழே அனுப்பவும் முடியுமென்றால், வருடத்தில் எத்தனை பேர் மிச்சம், எத்தனை உயிர் மிச்சம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒன்றில் நாம் கறாராக இருக்க வேண்டும். எழுதுகிற கை விற்கிற கையாக இருக்கக் கூடாது. கிளிவெட்டிப் பக்கம் வயலில் கூலிக்குப் போகிறவர்களும் நம் ஆட்களைப் போலத்தான். இடுப்பு நோவென்றால் பாமசிக்குப் போய் ஒரு மாத்திரை அட்டை, சளியென்றால் நாலு கெப்சூல். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் தொங்கும், மருந்தாளரைத்தான் காண முடியாது. சளிக்கெல்லாம் கண்டபடி கெப்சூல் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடலாம், அடுத்த முறை பிள்ளைக்கு நியுமோனியா வந்தால் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இப்படி விற்கிற கடைக்காரருக்கே எழுதும் உரிமையையும் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு மருந்துக்கடை வந்துவிடும். நாம் கேட்பது அரசாங்க மருந்தகத்தில், விற்பனையில் ஒரு சதமும் கிடைக்காத, மாதச் சம்பளம் வாங்கும் மருந்தாளரை. இந்த நாட்டுக்கு இது புதிய யோசனை அல்ல. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தைக் கட்டியெழுப்பியபோது, தேவையான மருந்து எது என்று ஒரு பட்டியல் வகுத்து, கம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கி, நாட்டுக்கே விலையைக் குறைத்துக் காட்டினார். தோட்டத்து மருந்தாளருக்கும் அப்படியொரு பட்டியல் இருக்கட்டும். அதில் உள்ளதை எழுதலாம், இல்லாததைத் தொடக் கூடாது. அட்ரினலின் அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கட்டும்.

கம்பனிகள் இதை எப்படித் திருப்பும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறோம். இருக்கிற ஆட்களை மூன்று நாள் கருத்தரங்குக்கு அனுப்பி, மாலை போட்டு, சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டி, "இதோ, நீங்க கேட்ட ஆள்" என்பார்கள். ஏமாறாதீர்கள். இருக்கிற மருந்துக்காரர்கள் மேல் நமக்குப் பகை இல்லை. நடுச்சாமத்தில் பிரசவம் பார்த்தவர்கள், சம்பளம் வர முன் தன் காசில் மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்களிலும் உண்டு. அவர்களும் தொழிலாளர்கள். தகுதியுள்ளவர்களுக்கு முழுப் பயிற்சிக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும், படிக்கும் காலத்தில் சம்பளம் வெட்டக் கூடாது. ஆனால் பயிற்சி பயிற்சியாக இருக்க வேண்டும்.

புதிய ஆட்களை எங்கே எடுப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பேராதனையிலும் மருந்தாளர் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குள் போக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் படிக்க வேண்டும். நம் தோட்டப் பள்ளிகளில் எத்தனையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது? சாதாரணதரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை, நகரத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க வழியில்லாமல் கலைப்பிரிவில் உட்கார்ந்திருப்பதை வருடா வருடம் பார்க்கிறோம். நாளைய மருந்தாளர் அங்கேதான் தொலைகிறார்.

ஆனால் இது முடியாத காரியம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்தின் கதை நமக்குத் தெரியும். ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளியும் துரையின் கையில்தான் இருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. கொழுந்து அதிகமென்றால் பெரிய பிள்ளைகள் மலைக்குப் போவார்கள், வாத்தியார் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் அவர் அரிசியும் துரையிடமிருந்து வந்தது. 1970களில் தொடங்கிப் படிப்படியாகப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. பிறகு சாதாரணதரம் படித்த நம் பிள்ளைகளையே ஆசிரியராக எடுத்தார்கள், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. (யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்கே அங்கே இடம் சுருங்கிய கதை வேறு. அதை இன்னொரு இதழில் பேசுவோம்.) குறை ஆயிரம் இருந்தாலும் இன்று எந்த ஆசிரியரும் பிள்ளையைக் கொழுந்தெடுக்க அனுப்பு என்று துரை சொல்லிக் கேட்பதில்லை. சம்பளம் கொடுக்கும் கை மாறியது, முதுகெலும்பு நிமிர்ந்தது. பள்ளிக்கு நடந்தது மருந்தகத்துக்கு ஏன் நடக்கக் கூடாது? பள்ளியை எடுத்த அரசு மருந்தகத்தைத் தோட்டத்திடம் விட்டுவைத்ததற்கு என்ன நியாயம்?

ஆகவே நம் கோரிக்கை வெறும் "டொக்டர் தா" அல்ல. தோட்ட மருந்தகங்கள் அத்தனையையும் சுகாதார அமைச்சு எடுக்க வேண்டும். மருந்தாளர்களுக்கு மருந்து எழுதும் தனிப் பயிற்சியைத் தமிழிலும் நடத்த வேண்டும். மருத்துவக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு வரையறுத்த உரிமையும் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதும் லீவுத் துண்டைத் தோட்டம் மறுக்க முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும். மலையகப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பில் இடம் ஒதுக்கி, படித்த பின் குறிப்பிட்ட காலம் மலையிலேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் போடட்டும், நமக்குச் சம்மதம். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சம்பளத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வரும் பழக்கத்தை நம் தலைவர்களும் மாற்ற வேண்டும். இதைக் கசப்போடுதான் எழுதுகிறோம்.

அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளைத் தலைவரும் தலைவியும் ஒரு கொப்பித் தாள் கொண்டுவர வேண்டும். அதில் உங்கள் மருந்தகத்தில் மருந்து எழுதுபவரின் படிப்பு என்ன, பதிவு உண்டா, கிழமையில் எத்தனை நாள் இருக்கிறார், கடைசியாக டொக்டர் வந்தது எப்போது, அலுமாரியில் அட்ரினலின் இருக்கிறதா, இருந்தால் திகதி முடிந்ததா என்று எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், தோட்டமும் பிரிவும் போதும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். கடைசிப் பாடம் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் இருப்போம்.